பின் சீட்டு

மூடிப்போன நூல் மில்லின் பின்புறம் ஒரு பெரிய சிமெண்ட் களம் இருந்தது. ஜமீலா அங்கேதான் பெரிய வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். போலீஸ் வேலைக்குத் தேர்வானவர்கள், எஸ்டேட் சூப்பர்வைசர்கள், லடாக் வரை போக ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் அவளை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள்.

களத்துக்கு மூன்று பக்கமும் உயரமான சுவர். வண்டியை நிறுத்திய பிறகும் அந்தச் சுவர்களுக்குள் சத்தம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஜமீலா பார்ப்பதில்லை.

மங்கையர்க்கரசி அவளிடம் வந்தது ஆடி மாதத்தில். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் மேலே காட்டுக்குள் சில ஊர்கள் உண்டு. வருஷக்கணக்காக அந்த ஊர்களுக்கு மொபெட்டில்தான் மருந்து கொண்டுபோனாள். போன மழையில் பாதை பாதியில் சரிந்துவிட்டது. மொபெட்டைச் சேற்றில் தள்ளிக்கொண்டு அவள் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாம்பு கடித்தவரைப் பாயில் கிடத்திக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியது. ஐந்நூறு சிசி. நகரத்தில் யாரோ ஓட்டிவிட்டு விற்றது. பின் சீட்டுக்கும் பின்னால் மருந்துப் பெட்டி வைக்க ஒரு கம்பிச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஓட்டத்தான் ஆள் இல்லை. "நான் ஓட்டறேன்" என்று அரசி சொன்னாள். சொன்ன பிறகுதான் வண்டியைப் பார்த்தாள்.

வேனில் ஏற்றிக் கொண்டுவந்து களத்தில் இறக்கினார்கள்.

முதல் நாள் ஜமீலா அதை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை.

"தள்ளுங்க, சிஸ்டர்."

"எங்க?"

"அந்தச் சுவர் வரைக்கும். அப்புறம் திரும்ப இங்க."

அரசி தள்ளினாள். பாதி தூரத்தில் வண்டி சாய்ந்தது. பிடிக்கப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமல் மெதுவாகத் தரையில் படுத்துக்கொண்டது. முதுகைக் கொடுத்து, காலை உதைத்து அதை எப்படி எழுப்புவது என்று ஜமீலா காட்டினாள். அன்றைக்கு அரசி அதைப் பலமுறை எழுப்பினாள்.

"இவ்வளவு கனத்தை நான் எப்படி ஓட்டப் போறேன்?"

"நிக்கும்போதுதான் கனம். ஓட ஆரம்பிச்சா அது தன்னைத் தானே தூக்கிக்கும்."

அது உண்மையாகத்தான் இருந்தது. நேராகப் போகும்போது வண்டி மொபெட்டைவிடச் சாதுவாக இருந்தது. களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரசி போனாள், வந்தாள். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறியிருந்தாள். தலைக்கவசத்துக்குள் தன் மூச்சு தனக்கே கேட்பது முதலில் சிரிப்பாக இருந்தது.

திரும்பும் இடத்தில்தான் தகராறு. ஜமீலா செங்கல் வைத்து வளைவு போட்டிருந்தாள். அரசி சாய்வாள். வண்டி சாயாது. செங்கல்லைத் தாண்டி அகலமாக ஓடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

"பார்வை எங்க போச்சு?" என்று ஜமீலா கேட்டாள்.

"போக வேண்டிய இடத்துக்குத்தான் போச்சு."

"சரி. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் சுவர்தான்.

நாலைந்து நாள் போன பிறகு அரசி ஒன்றைக் கவனித்தாள். வண்டியை நிறுத்திவிட்டு அவள் இறங்கும்போது பின் ஸ்பிரிங் ஒருமுறை எழும்பும். எந்த வண்டியும் அப்படித்தான். ஆனால் இது கொஞ்சம் பொறுத்து, அவள் இரண்டு எட்டு நடந்த பிறகு, இன்னொருமுறை எழும்பியது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் எழும்பியது. அதற்கடுத்த நாள் தலைக்கவசத்துக்குள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அன்று தூறல். ஜமீலா தகரக் கொட்டகையின் கீழே ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அரசி வண்டியை நிறுத்திவிட்டு அவளிடம் வந்தாள்.

"வாத்தியார், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த வண்டில யாராவது செத்திருப்பாங்களா?"

"ஏன்?"

"பின்னால யாரோ உட்கார்ந்து வராங்க."

ஜமீலா எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. எழுந்து வண்டியிடம் போனாள். அரசியும் பின்னாலேயே போனாள். டேங்க் நனைந்திருந்தது. மருந்துப் பெட்டிச் சட்டம் நனைந்திருந்தது. பின் சீட்டு மட்டும் காய்ந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

"என்ன பண்றாங்க?" என்று ஜமீலா கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. உட்கார்ந்திருக்காங்க. நான் சாய்ஞ்சா அவங்க சாய மாட்டேங்கறாங்க. கட்டை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துக்கறாங்க. அதான் வண்டி திரும்பல."

"ம்."

"யாருன்னு விசாரிக்கலாமா? வித்தவங்களைக் கேட்டா தெரியும்."

"தெரிஞ்சா இறங்கிடுவாங்களா?"



ஜமீலா சாவியை வாங்கிக்கொண்டாள். தலைக்கவசத்தை மாட்டி, முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

"ஏறுங்க."

"எங்க?"

"பின்னால."

அரசி தயங்கி நின்றாள். "அங்கதான் அவங்க…"

"தள்ளி உட்காரச் சொல்லுங்க."

அரசி ஏறினாள். சீட்டு சில்லென்று இல்லை. அதை நினைக்காமல் இருக்க, கம்பிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மில்லைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூடுபனி வந்துவிட்டது. பகல் பதினொரு மணிக்குப் பால் ஊற்றியதுபோல் எல்லாம் மறைந்தது. ஜமீலா வேகமாகப் போகவில்லை. ஆனால் அரசிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. திடீரென்று வண்டி ஒரு பக்கம் சரியும். ஏன் என்று தெரியாது. நிமிரும். மறுபடி மறுபக்கம் சரியும். ஒரு வளைவில் வலது கைப்பக்கம் தரையே இல்லாததுபோல் தோன்றியது. அரசியின் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் நிமிர்ந்தது. வண்டி வளைவை விட்டு வெளியே ஓடியது. ஜமீலா நிறுத்தியபோது முன்சக்கரம் தடுப்புக் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

இஞ்சினை அணைத்த பிறகும் இரண்டு பேரும் இறங்கவில்லை.

"என்ன பண்ணீங்க, சிஸ்டர்?"

"ஒண்ணும் பண்ணல."

"ஏன் நிமிர்ந்தீங்க?"

"விழுந்துடுவோம்னு பயம்."

"ஹேண்டில் யார் கையில இருந்துச்சு?"

"உங்க கையில."

"பிரேக்?"

"உங்ககிட்ட."

"முன்னால என்ன தெரிஞ்சுது?"

"உங்க முதுகு."

"வளைவு வருதுன்னு தெரியுமா?"

"நீங்க சொல்லலையே. எனக்கு எப்படித் தெரியும்?"

பனிக்குள் எங்கோ கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அரசி வெகுநேரம் ஜமீலாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவங்களுக்கும் என் முதுகுதான் தெரியுமா?"

"நீங்க என்ன சொல்லிட்டு ஓட்டினீங்க?"

"ஒண்ணுமே சொல்லல."

ஜமீலா வண்டியைத் திருப்பினாள்.

மறுநாளிலிருந்து அரசி சொல்ல ஆரம்பித்தாள். முதலில் கூச்சமாக இருந்தது. மில் வாசலில் டீ குடிக்க நிற்பவர்கள் பார்க்கிறார்களோ என்று உதட்டை மட்டும் அசைத்தாள். வண்டி சுவரிடம் போய் நின்றது. பிறகு வாய்விட்டுச் சொன்னாள்.

"இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம். மெதுவாத்தான் போவேன். கொஞ்சம் சாயும். சாயறது சரிதான். பிடிச்சுக்குங்க."

பின்னால் மூச்சு ஒருமுறை இழுத்து நின்றது. அரசி சாய்ந்தாள். அவள் சாய்ந்து முடித்த பிறகு, தாமதமாக, மனசில்லாமல், பின்னால் இருந்த கனமும் சாய்ந்தது. செங்கல்லை ஒட்டி வண்டி திரும்பியது. நிமிர்ந்தபோது அவள் பிடரியில் மூச்சு வெளியே வந்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் அடுத்த வளைவையும் சொன்னாள்.

ஆவணி முழுக்க அப்படித்தான் போனது. களத்தில் ஓட்டினாள். பிறகு மலைப்பாதையில் ஓட்டினாள். எதிரே பஸ் வந்தால் சொன்னாள். பள்ளம் வந்தால் சொன்னாள். சொல்லவேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் பின்னால் இருப்பவர் தாமதிக்கவில்லை. அவள் தோளோடு சேர்ந்து சாய்ந்தார். சில சமயம் இடுப்பின் இரண்டு பக்கமும் லேசாகக் குளிரும், யாரோ கை வைத்துப் பிடித்திருப்பதுபோல.

ஒரு நாள் அவள் ஜமீலாவிடம் சொன்னாள்.

"எனக்குப் பயம் குறைஞ்சிடுச்சு, வாத்தியார்."

"உங்களுக்கா? அவங்களுக்குக் குறைஞ்சிடுச்சா?"

"அதைக் கேக்கலையே."

"கேளுங்க."

அரசி கேட்டாளா, பதில் வந்ததா என்று ஜமீலா விசாரிக்கவில்லை. அன்றோடு பாடம் முடிந்தது என்று சொல்லி, வண்டியை மலைக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் மேலே காட்டு ஊர்களில் ஒன்றான கோம்பைக்காட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. புல் அறுக்கப் போன ஒரு பெண்ணைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் சந்தைக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். தூக்கிவர ஆள் இல்லை. விஷமுறிவு மருந்தை டாக்டர் பக்கத்தில் இருந்துதான் ஏற்ற வேண்டும். அதனால் அந்தப் பெண்ணைக் கொண்டுவரத்தான் வேண்டும்.

அரசி கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்தது. பனி மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு நின்றது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். வலது. இடது. கல். தண்ணீர். சொல்லும் குரல் தலைக்கவசத்துக்குள் சீராக இருந்தது.

போன வருஷம் சரிந்த இடம் வந்தது. அங்கே பாதை என்பது மலைச்சுவரை ஒட்டிய ஒரு விளிம்புதான். ஈரப் பாறையில் முன்சக்கரம் வழுக்கியது. அவள் பதறிக் கிளச்சை விட்டாள். இஞ்சின் நின்றுபோனது. ஒரு கால் தரையைத் தொட்டது. மறு காலுக்குத் தரை கிடைக்கவில்லை. அத்தனை கனமும் அந்த ஒரு காலில் நின்றது.

அமைதி. மழைகூட நின்றிருந்தது. பனி அவள் கைகளை மறைத்தது. ஹேண்டில் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. திரும்பவும் முடியாது, இறங்கவும் முடியாது. மொபெட்டை விட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள். அந்தப் பாயில் கிடந்தவரின் கட்டைவிரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சொல்வதற்கு வார்த்தை வரவில்லை.

அப்போது பின்னால் மூச்சு கேட்டது. வேகமாக, மேலோட்டமாக, உள்ளே போவதற்கு முன்னாலேயே வெளியே வரும் மூச்சு.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்களிடம் கேட்டிருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு வரும் பெண்களிடம் கேட்டிருக்கிறாள். அவள் கை, வேலைப் பழக்கத்தில், தானாகப் பின்னால் போனது. ஒரு முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. அங்கே கைக்கு என்ன தட்டுப்பட்டது என்று அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நான் இருக்கேன்ல? இந்த இடந்தான் கொஞ்சம் மோசம். சுவரோட ஒட்டித்தான் போவேன். நீங்க அசையாம இருந்தாப் போதும். கண்ணை வேணா மூடிக்குங்க."

மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆஸ்பத்திரி வார்டில் பேசும் குரலில்தான் பேசினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் குரல் ஒருநாளும் நடுங்கியதில்லை.

கிளச்சைப் பிடித்தாள். இஞ்சின் முதல் அழுத்திலேயே எடுத்தது. விளிம்பைத் தாண்டும் வரை பின் சீட்டில் ஓர் அசைவுகூட இல்லை.

கோம்பைக்காட்டில் வேங்கைமரத்தடியில் அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். செல்லக்கிளி என்று பெயர். இருபது வயதிருக்கும். பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. அரசி காலை அசையாமல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். பெண்களிடம் ஒரு நீளமான சேலை கேட்டாள், தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள.

செல்லக்கிளியைத் தூக்கிக்கொண்டு வண்டியிடம் வந்தபோதுதான் அரசிக்கு அது தோன்றியது. முன்னால் அவள். பின்னால் பெட்டி. நடுவில் ஒருவருக்குத்தான் இடம்.

அவள் வண்டிப் பக்கம் குனிந்து சொன்னாள்.

"கொஞ்சம் இறங்கிக்கறீங்களா? இந்தப் பொண்ணை ஏத்தணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வண்டி ஸ்டாண்டில் தனியாக நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. பின் ஸ்பிரிங் மெதுவாக எழும்பி நின்றது. ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. செல்லக்கிளியை முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்தப் பெண் அதுவரை மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் இதயம் அடிப்பது அரசியின் முதுகெலும்பில் தெரிந்தது.

"கிளி, காது குடுத்துக் கேளும்மா. ஒவ்வொரு வளைவும் நான் முன்னாடியே சொல்வேன். நான் சாய்ஞ்சா நீயும் சாய்ஞ்சுக்க. வேற ஒண்ணும் நீ பண்ண வேண்டாம்."

"சரிங்கம்மா."

கீழே வரும் வரை அரசி வாய் ஓயவில்லை. விளிம்பில், "இப்ப அசையாத" என்றாள். கிளி அசையவில்லை. கடைசி வளைவுகளில் கிளியின் தலை துவண்டு தோளில் சாய்ந்தது. அப்போதும் அரசி சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குடையோடு நின்றிருந்தார்.

அன்றிரவும் மறுநாளும் மருந்து ஏறியது. மூன்றாம் நாள் செல்லக்கிளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

அந்த வார முடிவில் அரசி மலையிறங்கி மில்லுக்கு வந்தாள். களத்தில் யாரும் இல்லை. ஜமீலா கொட்டகையில் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அரசி வண்டியை ஒரே வட்டத்தில் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். அது ஜமீலா வைத்ததிலேயே மிகச் சின்ன வளைவு. இறங்கினாள். ஸ்பிரிங் ஒருமுறை எழும்பியது. அவ்வளவுதான்.

"நல்லாத் திருப்பறீங்க" என்றாள் ஜமீலா. "அந்தப் பொண்ணு?"

"பொழைச்சுக்கிட்டா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறோம்."

"நீங்க?"

அரசி சிரித்தாள். அந்தக் களத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"எனக்கு இனிமே பயமே இல்ல, வாத்தியார். வண்டி காகிதம் மாதிரி இருக்கு. எங்க வேணாலும் கொண்டுபோவேன். பின்னாலயும் யாரும் இல்ல."

ஜமீலா டயரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க போனாங்க?"

"கோம்பைக்காட்டுல இறக்கிவிட்டேன். பொண்ணை ஏத்த இடம் வேணும்ல? கேட்டேன், இறங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"அவங்ககிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

அரசியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஒண்ணும் சொல்லல."

ஜமீலா கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்தாள். மலையின் மேல்பாதி தெரியவில்லை. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார்கள்.

"மேல அவங்களுக்கு யாரையும் தெரியாதே, சிஸ்டர்" என்றாள் ஜமீலா.